400 ஜிபி-யை அனுப்ப எஸ்சிபி போதுமா?

கேள்வி: எங்கள் அச்சகத்தின் பழைய டெபியன் சர்வரில் சுமார் 400 ஜிபி டிசைன் ஃபைல்கள் இருக்கின்றன. அவற்றை வேறு ஊரில் உள்ள புது உபுண்டு சர்வருக்கு இன்டர்நெட் வழியே மாற்ற வேண்டும். எஸ்சிபி (ஃபைல்களை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் கட்டளை) போட்டால் பாதியில் லைன் அறுந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. எஃப்டிபி என்ற பழைய ஃபைல் அனுப்பும் முறை வேகமாகப் போகும் என்கிறார் நண்பர். எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: எஃப்டிபி வேண்டாம். அதில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் போகும். வழியில் பாக்கெட்டைப் பிடிப்பவர் அப்படியே படித்துக்கொள்ளலாம். 1995-ல் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் பாஸ்வேர்டுகள் இப்படித்தான் களவு போயின. அதன் பிறகே அங்கிருந்த தாத்து யுலோனென், இணைப்பில் போவதையெல்லாம் என்கிரிப்ட் செய்து (மறையாக்கி) அனுப்பும் எஸ்எஸ்ஹெச்-ஐ எழுதினார். எஸ்சிபி, அதைப் போலவே ஃபைல் அனுப்பும் எஸ்எஃப்டிபி இரண்டும் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் போகின்றன. இரு பக்க ஃபைல்களையும் ஒப்பிட்டு வேண்டியதை மட்டும் நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) என்ற கருவியையும் அதன் வழியே ஓட்டலாம். ஆகவே ரகசியம் காப்பதில் மூன்றும் சமம். லைன் அறுந்தால் என்ன மிஞ்சும் என்பதில்தான் வித்தியாசம்.

உங்கள் வேலைக்கு ஆர்சிங்க்தான் சரி. போய்ச் சேர்ந்த ஃபைலை, அளவும் தேதியும் ஒத்திருந்தால், அடுத்த முறை தொடாமல் தாண்டிவிடும். பாதியில் நின்ற ஃபைலை வழக்கமாக அழித்துவிடும் என்பதால் பெரிய எழுத்து பி (-P) ஆப்ஷனைச் சேருங்கள். வந்த பாதியை வைத்துக்கொள்ளும், எவ்வளவு முடிந்தது என்றும் காட்டும். மறுமுறை ஓட்டும்போது புது சர்வர் தன்னிடம் உள்ள துண்டுகளின் செக்சம்களை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சிறு அடையாள எண்களை) அனுப்பும், பழைய சர்வர் இல்லாததை மட்டும் தரும். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெலும் பால் மெக்கராஸும் 1996-ல் இதை வெளியிட்டதே இந்த உத்திக்காகத்தான்.

சின்ன எழுத்து ஏ கட்டாயம் வேண்டும். அனுமதிகள், தேதிகள், சிம்பாலிக் லிங்குகள் (வேறு ஃபைலைச் சுட்டும் குறுக்குவழிகள்) எல்லாம் உள்ளபடியே போகும். எஸ்சிபி-யில் சின்ன ஆர் போட்டால் லிங்குக்குப் பதில் அது காட்டும் ஃபைலையே நகலெடுத்துவிடும். 400 ஜிபி பெருத்துப்போக அதுவே போதும். ஆனால் ஹார்டு லிங்குகள் (ஒரே ஃபைலுக்கு உள்ள பல பெயர்கள்) ஏ-யில் அடங்காது, பெரிய ஹெச் தனியாகப் போட வேண்டும். சின்ன ஹெச் எண்களைப் படிக்க வசதியாகக் காட்டுவதோடு சரி. ஃபைல்களின் உரிமையாளர் பெயரும் மாறக்கூடாது என்றால் புது சர்வரில் ரூட் (முழு நிர்வாகி) அனுமதி தேவைப்படும். சுருக்கி அனுப்பும் இசட் ஆப்ஷன், ஜேபெக்கும் பிடிஎஃப்-பும் நிறைந்த உங்கள் ஃபோல்டருக்குப் பெரிதாக உதவாது.

இனி பலரும் சறுக்கும் இடம். மூலப் பாதையை /டேட்டா/டிசைன் என்று கொடுத்தால், அந்தப் பக்கம் டிசைன் என்ற ஃபோல்டரே உருவாகி அதற்குள் எல்லாம் போகும். /டேட்டா/டிசைன்/ என்று கடைசியில் சாய்கோடு வைத்தால் உள்ளே இருப்பவை மட்டும் போகும். டெலீட் ஆப்ஷனும் சேர்ந்திருந்தால் இந்த ஒற்றைக் கோடு விபரீதமாகிவிடும்: மூலத்தில் இல்லாத எதையும் அது எதிர்ப்பக்கத்தில் அழிக்கும், சாய்கோட்டால் பாதை மாறினால் வேண்டிய ஃபோல்டரும் அதில் போய்விடலாம். முதல் முறை நகலெடுக்க டெலீட் தேவையே இல்லை. எப்படியானாலும் முதலில் சின்ன என் (-n) போட்டு வெள்ளோட்டம் விடுங்கள். எதுவும் நகராது, என்ன நடக்கும் என்ற பட்டியல் மட்டும் வரும்.

கோலனையும் கவனியுங்கள். சர்வர் பெயருக்குப் பின் ஒரு கோலன் என்றால் எஸ்எஸ்ஹெச் வழி. கை தவறி இரண்டு கோலன் விழுந்தால் 873-ம் போர்ட்டில் ஆர்சிங்க் டீமனை (பின்னணியில் காத்திருக்கும் ஆர்சிங்க் சேவையை) தேடிப் போகும். அந்த வழியில் டேட்டாவுக்கு என்கிரிப்ஷன் கிடையாது.

இவ்வளவு செய்துவிட்டு, முதல் இணைப்பில் வரும் கேள்விக்குப் படிக்காமல் ‘யெஸ்’ அடிப்பவர்களே அதிகம். எதிரே இருப்பது உங்கள் சர்வர்தானா என்று எஸ்எஸ்ஹெச் கேட்கும் இடம் அது. நடுவில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் உங்கள் என்கிரிப்ஷன் அவரோடுதான் நடக்கும். புது சர்வர் அருகில் இருப்பவரை எஸ்எஸ்ஹெச்-கீஜென் கட்டளையால் ஹோஸ்ட் கீயின் (சர்வரின் அடையாளச் சாவியின்) ஃபிங்கர்பிரின்ட்டை, அதாவது அதன் சுருக்கக் குறியீட்டை, எடுக்கச் சொல்லி, போனில் வாங்குங்கள். புதிய ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-சில் ‘யெஸ்’ என்பதற்குப் பதில் அந்த ஃபிங்கர்பிரின்ட்டையே ஒட்டலாம். பொருந்தினால்தான் உள்ளே விடும். கண்ணால் ஒப்பிடுவதைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை.

பாஸ்வேர்டுக்குப் பதில் இடி25519 (Ed25519) வகை கீ ஒன்றை, அதாவது உள்நுழைய உதவும் டிஜிட்டல் சாவியை, உருவாக்கி, அதைப் பூட்டிவைக்க ஒரு பாஸ்ஃப்ரேஸும் வையுங்கள். எஸ்எஸ்ஹெச்-காப்பி-ஐடி அதைப் புது சர்வரில் சேர்த்துவிடும். பிறகும் பாஸ்வேர்டு கேட்டால் பெரும்பாலும் அனுமதிக் கோளாறுதான்: .எஸ்எஸ்ஹெச் ஃபோல்டருக்கு 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலுக்கு 600 இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலையைப் பழைய சர்வரில், இணைப்பு போனாலும் கட்டளையை ஓடவைக்கும் டிமக்ஸ் அல்லது ஸ்க்ரீனுக்குள் ஓட்டுங்கள், லேப்டாப்பை மூடினாலும் நிற்காது. ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போதே முதல் சுற்றை முடித்துவிடலாம். பிறகு ஓர் இரவு, யாரும் எழுதாதபடி ஃபோல்டரைப் பூட்டிவிட்டு மறுபடி ஓட்டினால் மாறியவை மட்டும் போகும். கடைசியாகச் சின்ன சி (-c), சின்ன என் (-n), வித்தியாசங்களைப் பட்டியலிடும் சின்ன ஐ (-i) மூன்றையும் ஏ-யோடு சேர்த்து ஒரு சுற்று. ஒவ்வொரு ஃபைலையும் முழுதாகப் படித்து ஒப்பிடும் என்பதால் நேரம் பிடிக்கும். பட்டியலில் ஒரு ஃபைலும் வரவில்லை என்றால் ஆட்களைப் புது சர்வருக்கு மாற்றலாம். பழைய டிஸ்கை மட்டும் உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள்.