போன் முணுமுணுத்தால் ஆம்ப்ளிஃபையர் என்ன செய்யும்?

குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு வாசகர்: "அம்மன் கோயிலுக்கு மைக் செட் வாங்கினோம். போனிலிருந்து மிக்ஸர் (சத்தங்களைச் சேர்த்து அளவு வைக்கும் பெட்டி), அப்புறம் ஆம்ப்ளிஃபையர், இரண்டு பாக்ஸ். பாட்டுக்கு நடுவே புஸ்ஸென்று இரைச்சல். சத்தம் கூட்டினால் கரகரவென்று கிழிகிறது. ஆம்ப்ளிஃபையர் பத்தாது, பெரிசு வாங்குங்க என்கிறார் வேலூர்க் கடைக்காரர். வாங்கலாமா?"

வாங்காதீர்கள். காசு செலவில்லாத வேலை ஒன்று பாக்கி இருக்கிறது.

உங்கள் போனில் வால்யூம் பாதியில்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். முழுசாக வைத்தால் போன் கெட்டுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். போன் மெலிசாகத் தருவதை மிக்ஸர் தூக்கும்போது வயரில் ஏறிய இரைச்சலையும் தன்னுடைய இரைச்சலையும் சேர்த்தே தூக்கும். அந்தப் புஸ் அதுதான்.

ஆம்ப்ளிஃபையரை முழுக்கக் குறைத்துவிட்டு ஆரம்பியுங்கள். போன் வயர் 'லைன்' துளையில் இருக்கிறதா பாருங்கள். மைக் தருவது சில மில்லிவோல்ட். போன் அதைப்போல நூறு மடங்கு தரும். மைக் துளையில் செருகினால் கிழியத்தான் செய்யும். போனில் வால்யூமை முழுசாக வைத்து ஒரு புள்ளி குறையுங்கள், பூஸ்டர் செயலி இருந்தால் அணையுங்கள். மிக்ஸரில் போன் செருகிய சேனலின் ஃபேடரையும் (மேலும் கீழும் தள்ளும் குமிழ்), மொத்தச் சத்தத்துக்கான மாஸ்டரையும் பூஜ்யம் போட்ட கோட்டில் நிறுத்தி, பாட்டின் சத்தமான இடத்தை ஓடவிட்டு, உள்ளே வருவதைத் தூக்கும் கெயின் குமிழை மட்டும் திருகுங்கள். பச்சை விளக்கு ஆடட்டும், மஞ்சள் எப்போதாவது எட்டிப் பார்க்கட்டும், சிவப்பு கூடவே கூடாது. கடைசியாக ஆம்ப்ளிஃபையர். தேவையான சத்தம் வந்ததும் கையை எடுங்கள். குமிழ் பாதியிலேயே நின்றால் மீதி வாட் வீணாகிறதே என்று வருந்தாதீர்கள். உள்ளே வருவதில் எவ்வளவை விடுவது என்பதுதான் அந்தக் குமிழின் வேலை; அது வாட்டைக் கூட்டுவதில்லை.

காட்பாடி பக்கம் ஒரு மண்டபத்தில் ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருகி, யாரும் தொடாதபடி செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். மிக்ஸரில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. ட்வீட்டர், அதாவது பாக்ஸில் கீச்சுச் சத்தத்துக்கான சின்ன ஸ்பீக்கர், இரண்டு தடவை மாற்றியாயிற்றாம். மிக்ஸரிலேயே கிழிந்த சத்தத்தைப் பெரிய ஆம்ப்ளிஃபையர் பெரிதாகக் கிழிக்கும், அவ்வளவுதான். ட்வீட்டர் கருகும், அதையும் அதே கடையில்தான் வாங்குவீர்கள். பெட்டியில் பி.எம்.பி.ஓ. (கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு) என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை நம்பாதீர்கள், தொடர்ந்து தரக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று கேளுங்கள். விற்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு நாள் வந்து லெவல் வைத்துக் கொடுக்க நேரமில்லை. சட்டமும் அப்படித்தான்: குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000-லேயே விதி வந்துவிட்டது. அளக்கும் கருவியோடு ஒருவரையாவது திருவிழாவில் நான் பார்த்ததில்லை.

ஒரு விதிவிலக்கு. வருவது 'புஸ்' இல்லாமல் 'உம்ம்ம்' என்ற ரீங்காரமா? அப்படியானால் எந்தக் குமிழைத் திருகியும் பயனில்லை. போன் சார்ஜரில் இருக்கிறதா? பிடுங்கிவிட்டுக் கேளுங்கள். லேப்டாப் என்றாலும் அப்படியே, பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் கோளாறு கரண்டு வழியாக வருகிறது. மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர், லேப்டாப் மூன்றையும் ஒரே பிளக் பாயிண்டிலிருந்து எடுங்கள். அப்படியும் போகவில்லையென்றால் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (நேரடி மின் தொடர்பை அறுத்து, சத்தத்தை மட்டும் கடத்துவது) வைத்த ஆடியோ வயர் போடுங்கள். எர்த் பின்னை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று எவராவது ஸ்குரூ டிரைவரோடு வந்தால், கோயில் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். மைக்கைப் பிடிப்பவருக்கு ஷாக் அடிக்கலாம்.