மின்தடைக்குப் பிறகு மேக் பழைய நிரலையே தருவது பற்றி

வணக்கம். மன்னார்குடியில் மின்சாரம் போய் வந்த பிறகு முறைப்பாசனக் கணக்கு நிரலைத் திருத்தினாலும், நிரல்களைத் தொகுக்க (கம்பைல் செய்ய) உதவும் கருவியான மேக் (make) அதை மீண்டும் தொகுப்பதில்லை என்றும், கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக எச்சரிக்கிறது என்றும் எழுதியிருந்தீர்கள். உங்கள் மேக்ஃபைலில் (மேக்குக்கான விதிகளை எழுதிய கோப்பில்) குறை இருப்பதாக நான் கருதவில்லை. கணினியின் கடிகாரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் கருவி, கோப்பின் உள்ளடக்கத்தைப் படித்துப் பார்ப்பதில்லை. மூலக் கோப்பின் திருத்த நேரம் ஆப்ஜெக்ட் கோப்பின் (அதைத் தொகுத்ததும் உருவாகும் கோப்பின்) நேரத்தைவிடப் பிந்தியதா என்பதை மட்டுமே ஒப்பிடுகிறது. மதர்போர்டில் உள்ள பொத்தான் பேட்டரி தீர்ந்திருந்தால், மின்சாரம் போனதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது நீங்கள் இன்று சேமித்த கோப்புக்கும் பழைய தேதியே பதிவாவதால், மேக் அதைப் பழையது என்று கருதி விட்டுவிடுகிறது. முன்பு சரியான தேதியுடன் பதிவான கோப்புகளோ எதிர்காலத்தவை போலத் தெரிவதால்தான் அந்த எச்சரிக்கை வருகிறது. நமது பகுதியில் மின்தடை அடிக்கடி வருவதால் இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள்.

முனையத்தில் (டெர்மினலில்) 'date' என்று தட்டித் தேதியைச் சரிபாருங்கள். தவறாக இருந்தால், முதலில் கடிகாரத்தைத் திருத்திவிட்டு, அதன் பிறகே 'make -B' (பெரிய எழுத்து B) என்று கொடுத்து அனைத்தையும் ஒருமுறை தொகுங்கள். வரிசை மாறினால் புதிய கோப்புகளிலும் தவறான நேரமே பதியும். அடுத்த மின்தடைக்கு முன் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள். பெரும்பாலான மதர்போர்டுகளுக்கு சிஆர்2032 பொருந்தும்.