நிமோனியாவுக்குப் பிறகு தம்பிக்கு மூச்சு வாங்குகிறது, நுரையீரல் கெட்டுவிட்டதா?

கேள்வி: தம்பிக்கு வயது 34. நிமோனியா வந்து, இரண்டு நாள் ஐசியூவில் ஆக்சிஜன் வைத்து, ஒரு வாரத்தில் டிஸ்சார்ஜ் செய்தார்கள். மூன்று வாரம் ஆகிறது. காய்ச்சல் இல்லை. ஆனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, இருமலும் விடவில்லை. எக்ஸ்ரேயில் இன்னும் வெள்ளையாக இருக்கிறதாம். சிகரெட் பழக்கம் உண்டு. இந்த வயதில் ஐசியூ எதற்கு, எல்லாம் பணம் பிடுங்கத்தான் என்கிறார்கள் உறவினர்கள். வேலைக்கு அனுப்பலாமா?

பதில்: நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நுரையீரல் கெட்டுப்போனதாகத் தோன்றவில்லை. காய்ச்சல் திரும்பவில்லை என்பது நல்ல அறிகுறி. எக்ஸ்ரே எப்போதுமே உடம்பு தேறிய பிறகுதான் தெளியும். 50 வயதுக்கு உட்பட்ட, வேறு நோயில்லாதவர்களுக்கே நான்கு வாரம் பிடிக்கலாம். புகைப்பவர்களுக்கு இன்னும் இழுக்கும். ஆறு வாரம் முடிந்ததும் ஒரு படம் எடுத்துப் பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். இருமலும் மூச்சிரைப்பும் நன்றாகக் குறைய ஆறு வாரம் ஆகும். சோர்வு மூன்று மாதம்கூட இருக்கும்.

ஐசியூ பேச்சுக்கு வருவோம். வேறு நோயில்லாத இளைஞர்கள் நிமோனியாவில் இறப்பது அரிதுதான். ஆனால் இளம் உடம்பு நம்மை ஏமாற்றும். தீவிரத்தைக் கணிக்க நாங்கள் பார்ப்பது மனக்குழப்பம், ரத்தத்தில் யூரியா, மூச்சின் வேகம், ரத்த அழுத்தம், 65 வயதோ அதற்கு மேலோ என்பது; ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இளைஞர்களுக்கு வயதுக்கான மதிப்பெண் கிடையாது. ரத்த அழுத்தமும் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அந்தக் கணக்கில் லேசான நோயாகத் தெரிபவருக்கும் ஆக்சிஜன் அளவு இறங்கியிருக்கலாம். ஆக்சிஜன் தேவைப்பட்டவரை ஐசியூவில் வைத்துக் கவனித்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை.

உறவினர்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: 34 வயதில் இவ்வளவு கடுமையாக ஏன் வந்தது? சிகரெட் ஒரு காரணம். குடிப்பழக்கம் உண்டா? சர்க்கரை இருப்பது தெரியாமலே பலர் இருக்கிறார்கள். மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துவிடுங்கள். ஹெச்ஐவி பரிசோதனையும் செய்யுங்கள், அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசம்தான். முக்கியமாக, சளியை டிபிக்குச் சோதிக்க வேண்டும். நிமோனியாவுக்குத் தரும் லீவோஃப்ளாக்சசின் போன்ற சில ஆன்டிபயாடிக்குகள் டிபி கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கிவைக்கும். குணமானது போல இருந்து, பிறகு இருமல் கூடும். நம் ஊரில் இதை மறக்கவே கூடாது.

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் இப்போதே அரை நாளாகத் தொடங்கலாம். மூட்டை தூக்குவது, ஓடியாடுவது எல்லாம் மாடி ஏறும்போது மூச்சு வாங்காத நிலை வந்த பிறகுதான்.

காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சை இழுக்கும்போது நெஞ்சு குத்தினாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, எடை குறைந்தாலோ, ஆக்சிஜன் 94-க்குக் கீழே போனாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நுரையீரலைச் சுற்றி நீரோ சீழோ கோத்திருக்கலாம். வெறும் மாத்திரையில் அது போகாது.

உடம்பு தேறியதும் நிமோகாக்கஸ், ஃப்ளூ தடுப்பூசிகள் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அப்புறம், மருத்துவமனையில் இருந்த நாட்களில் தம்பி சிகரெட் தொட்டிருக்க மாட்டார். அதை அப்படியே விட இதைவிடச் சுலபமான நேரம் அவருக்குக் கிடைக்காது.