சந்துச் சுவரில் படம் வரைய: ஓவியர் அக்காவிடம் கேளுங்கள்

தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு சுவர் ஓவியம் வரைபவர், வாசகர் கேள்விகளுக்குச் சொன்ன பதில்கள்.

அக்கா, மதுரை டவுனில் எங்கள் கடைக்குப் பக்கத்தில் ஆறடிச் சந்து. சுவர் 40 அடி நீளம். கண்ணகி நகரில் இருப்பதுபோல ஒரு பெரிய முகம் வரையலாமா?

வேண்டாம் தம்பி. சென்னை கண்ணகி நகரில் அவை அடுக்குமாடி வீடுகளின் பக்கச் சுவர்கள். தள்ளி நின்று அண்ணாந்து பார்க்க இடம் இருக்கிறது. உங்கள் சந்தில் மூக்கு மட்டும்தான் தெரியும். சந்துக்குள் யாரும் நின்று பார்ப்பதில்லை. நடந்தபடியே, பக்கவாட்டில் பார்க்கிறார்கள். முனையிலிருந்து பார்த்தால் மொத்த நீளமும் சுருங்கிப்போகும். சாலையில் 'பள்ளி' என்று நீட்டி எழுதுவார்களே, அந்தக் கணக்கில் எழுத்தையும் உருவத்தையும் நீளவாக்கில் இழுக்க வேண்டும். நீளமான காகிதத்தில் சின்னதாக வரைந்து மேசை ஓரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். ஒரு முனையில் கண்ணை வைத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

இன்னொரு வழி, துண்டு துண்டாகப் பிரிப்பது. சான் பிரான்சிஸ்கோவில் பால்மி சந்து என்று ஒன்று. 1970களிலிருந்து வரைகிறார்கள். வேலி, கராஜ் கதவு என்று ஒவ்வொன்றிலும் தனித்தனிப் படம். 1984-ல் மத்திய அமெரிக்கப் போர்களைப் பற்றி ஓவியர்கள் கூடிப் பேசி வரைந்தபோதும் அப்படித்தான் செய்தார்கள். நடக்க நடக்க ஒன்று முடிந்து அடுத்தது வரும்.

எந்தப் பெயிண்ட் நல்லது?

பெயிண்ட் பிறகு, முதலில் ஈரம். ஒன்றரை அடி சதுரத்துக்குப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். பின்னால் குளியலறையோ உடைந்த குழாயோ இருக்கும். காய்ந்த சுவர் என்றால் எக்ஸ்டீரியர் பிரைமர் ஒரு கோட், மேலே எக்ஸ்டீரியர் அக்ரிலிக் எமல்ஷன். லிட்டருக்கு இரண்டு கோட்டில் சுமார் 50 சதுர அடி வரும். காவி, செம்மண், மஞ்சள் ஆக்சைடு நிறங்கள் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற ரோஸ் சீக்கிரம் வெளுக்கும்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. மேலேயே அடித்துவிடலாமா?

கூடாது. உப்பு பூப்பதும் ஈரத்தால்தான், மேல் பதிலைப் பாருங்கள்.

டிஸ்டெம்பர் மிச்சம் இருக்கிறது.

வீட்டுக்குள் அடியுங்கள்.

பள்ளிப் பிள்ளைகளையும் சேர்க்க ஆசை. சாரத்தில் ஏற்றப் பயம். புரொஜெக்டர் உதவுமா?

ஆறடியில் புரொஜெக்டர் படம் விரியாது. சுண்ணாம்புக் கயிறு தட்டிக் கட்டம் போடுங்கள். பிள்ளைகளுக்கு பிலடெல்பியாவில் ஒரு நல்ல முறை வைத்திருக்கிறார்கள். நெய்யாத மெல்லிய துணியைத் துண்டுகளாகக் கொடுத்து, நிழலில் உட்கார்ந்து வரையச் சொல்லி, பிறகு அக்ரிலிக் ஜெல்லால் சுவரில் ஒட்டுகிறார்கள். ஈரச் சுவரில் அதுவும் உரிந்து வரும், சொல்லிவிட்டேன்.

சாமி படம் வரைந்தால் சிறுநீர் கழிப்பது நிற்குமே?

வரைய மாட்டேன்.

ஏன் அக்கா? எங்கள் தெருவில் சாமி டைல்ஸ் ஒட்டியதும் நின்றது.

நாலு அடி தள்ளிப் போயிருப்பார்கள், பாருங்கள்.

மூன்று மதச் சின்னமும் போட்டால்?

சிக்கலும் மூன்று மடங்கு. டைல்ஸ் உடைந்தால் கழற்றலாம். பெயிண்ட் ஐந்தாறு வருடத்தில் உரியும். அப்போது சாமி முகத்தைச் சுரண்ட எந்தப் பெயிண்டர் வருவார்? தொட்டால் சண்டை, தொடாவிட்டால் அசிங்கம்.

கழிப்பறை கட்டுவது மாநகராட்சி வேலை. எங்கள் கையில் இருப்பது டைல்ஸ்தானே?

அது நியாயமான கோபம். ஆனால் ஒரு விளக்கு போடுவதும் உங்கள் கையில்தான் இருக்கிறது. இருட்டுதான் ஆளைக் கூப்பிடுகிறது. முனையில் பூக்கட்டும் அம்மாவிடம் கேட்டு, சம்மதித்தால் அவரையே வரையுங்கள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது யார் ஒதுங்குவார்? இதோடு சாமி பேச்சு போதும்.

அனுமதி வேண்டுமா?

வேண்டும். சுவர்க்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். அரசுச் சுவர் என்றால் அந்த அலுவலகத்தில். சுவர்களை அலங்கோலமாக்குவதைத் தடுக்க 1959-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. வாய்ச் சம்மதம் செல்லாது.

ஐப்பசியில் ஆரம்பிக்கலாமா?

மழையிலா? தை பிறக்கட்டும்.

அக்கா, எந்தக் கம்பெனி பெயிண்ட் வாங்கலாம்?

எதுவானாலும் சரி, டப்பாவில் எக்ஸ்டீரியர் என்று இருந்தால் போதும். பிளாஸ்டிக் தாள் ஒட்டியாயிற்றா?