மகள் விட்டுப்போன கோடுகள்

கேள்வி: சென்ற ஐப்பசியில் காய்ச்சலில் இறந்துபோன என் 24 வயது மகள் தஞ்சாவூர் ஓவியம் கற்றுவந்தாள். பலகையில் துணி ஒட்டி, ஆலிலைக் கண்ணனைப் பென்சிலால் வரைந்ததோடு நின்றுவிட்டது. எனக்கும் கொஞ்சம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். நானே முடிக்க நினைக்கிறேன். நகைகளைப் புடைப்பாக்கும் மக்குப் பசையை வைக்கக் கை போகவில்லை. ஓவியரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார் கணவர். தலைத்திதி முடியாமல் சாமி படத்தைத் தொடக்கூடாது என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
– ஒரு தாய், திருவையாறு

பதில்: அன்புள்ள சகோதரி, சாக்பீஸ் தூளையும் கோந்தையும் குழைத்த மக்கை நகைகளின் மேல் வைத்துப் புடைப்பாக்கினால் அடியிலுள்ள பென்சில் கோடு மறைந்துவிடும், அதன்மேல் தங்க ரேக்கையும் ஒட்டிய பிறகு அங்கே ஒரு கோடு இருந்ததே தெரியாது. மகளின் கைத்தடத்தை உங்கள் கையாலேயே மூடுவதுபோல் தோன்றித்தான் கை போகவில்லை என்று எண்ணுகிறேன்.

ஆகவே முதலில் டிரேசிங் தாளை விரித்து, அவள் கோடுகள் அத்தனையையும் பிரதி எடுத்து வையுங்கள். எந்த இடத்தில் அழுத்தினாள், எந்த இடத்தில் அழித்துத் திருத்தினாள் என்பதெல்லாம் அப்போது உங்களுக்குப் புலப்படும். அழுகை வந்தால் பலகையை நகர்த்தி வைத்துவிட்டு அழுங்கள். அதன் பிறகு மக்கு வேலை. ஒரு பூச்சு காயாமல் அடுத்ததை வைத்தால் வெடித்துவிடும் என்பதால் இதை எவராலும் அவசரப்படுத்த முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டில், காலையில் எழுந்ததும் காய்ந்துவிட்டதா என்று போய்ப் பார்க்க ஒன்று இருப்பது பெரிய காரியம்.

கணவர் பரிவால் சொல்கிறார். ஆனால் தேர்ந்த ஓவியர் தரக்கூடியது அழகான படம். இப்போது உங்களுக்கு வேண்டியது அதுவன்று.

தலைத்திதி வரை பண்டிகை கொண்டாடாத வழக்கத்தை மீறச் சொல்லமாட்டேன். ஆயினும் இதே காவிரிக்கரை ஊர்களில், சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக அமர்ந்து ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டு, இறந்தவரின் குணத்தையும் வாழ்ந்த வாழ்வையும் சொல்லிச் சொல்லி ஒப்பாரி கட்டிப் பாடுகிறார்கள். துக்க வீட்டில் பாட்டா என்று எவரும் கேட்பதில்லை. உங்கள் பலகையையும் அப்படியே கருதுகிறேன். மனம் உறுத்தினால் ஆலிலையிலிருந்து தொடங்குங்கள். கண்ணனின் முகத்தைத் திதிக்குப் பிறகு எழுதலாம்.

சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் ஓவியம் மட்டும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற அரசின் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசுங்கள்.

இன்னொன்று: கண்ணனின் ஒரு காலுக்கு அவள் வரைந்த கொலுசை மட்டும் மக்காலும் வண்ணத்தாலும் மூடாமல், பென்சில் கோடாகவே விட்டுவிடுங்கள். சட்டம் போடுபவரிடமும் அந்த இடம் மறையாமல் போடச் சொல்லுங்கள்.