கல்லடிப் பாட்டுக்காரன் பதில்கள்

கேள்வி: அண்ணன், இரண்டு வருடமாகச் சொந்தமாகத் தமிழ்ப் பாட்டு எழுதி கிற்றாரோடு பாடுகிறேன். நான் கேட்பது முழுக்க அமெரிக்கானா (அமெரிக்க நாட்டார், கன்ட்ரி வழிப் பாட்டு) பாட்டுக்காரர்களைத்தான். லீசிங் கம்பனியில் வசூல் வேலை. அதை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் நம்பி வாழலாமா? (வாசகர், திருக்கோவில்)

பதில்: தம்பி, என்னுடைய போன வைகாசிக் கணக்கை அப்படியே எழுதுகிறேன். கிற்றார் படிக்க வரும் பிள்ளைகள் 14 பேர், ஆளுக்கு 2,500, அது 35,000 ரூபா. கலியாண வீடு இரண்டு, ஒன்றுக்கு 15,000. துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரப் பாட்டு, 10,000. ஆரையம்பதியில் ஒரு வீட்டு விறாந்தையில் என் பாட்டுக்களைப் பாடியதில் 11,400. எல்லாம் சேர்த்து 86,400. நான் எழுதிய பாட்டு நேரடியாகச் சம்பாதித்தது கடைசியில் சொன்ன அந்த 11,400 மட்டும்தான். மிச்சமெல்லாம் பாட்டைச் சுற்றியிருக்கிற வேலை.

அதுவும் நல்ல மாதம். கார்த்திகையில் மழையும் வெள்ளமும் வரும். மார்கழியில் கலியாணமே இல்லை. பிள்ளைகளும் வரமாட்டார்கள். அந்த நாட்களில் 30,000 கண்டால் பெரிய விசயம்.

நீங்கள் கேட்கும் அமெரிக்காக்காரர்களில் தனியாக நின்று பாடுகிறவர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வாழ்கிறார்கள். தாங்களே வான் ஓட்டிப் போய், பாடி முடிந்ததும் தாங்களே மேசை போட்டு இசைத்தட்டும் ரீசேட்டும் விற்கிறார்கள். ஜோன் பிரைனைக் கேட்டிருப்பீர்கள். சிகாகோவுக்குப் பக்கத்தில் தபால்காரராக இருந்தவர். கடிதம் கொடுத்துக்கொண்டு நடக்கும்போதே பாட்டுக் கட்டியவர். முதல் இசைத்தட்டு 1971இல் பெரிய கம்பனியில் வந்தது. 1980களில் கம்பனிகளே வேண்டாமென்று ‘ஓ பாய்’ என்று சொந்தமாக ஒரு இசைத்தட்டு லேபல் வைத்தார். வரப்போகும் இசைத்தட்டுக்கு ரசிகர்கள் தபாலில் காசோலை அனுப்பினார்கள். தபால்காரருக்குத் தபாலிலேயே முதலீடு வந்தது!

வேலையை இப்போது விடவேண்டாம். மாரி மூன்று மாதத்தையும் பாட்டுக் காசிலேயே ஒருமுறை கடந்து பாருங்கள், மறுகா யோசிக்கலாம். இன்னொன்று, வசூலுக்கு நீங்கள் ஏறி இறங்குகிற வீடுகளைப் பற்றி ஒரு பாட்டாவது இருக்கிறதா? இருந்தால் குரல் பதிவாக அனுப்புங்கள். கேட்க ஆசை.

கேள்வி: நீங்கள் அடிக்கடி சொல்லும் விறாந்தைக் கச்சேரி எப்படி நடக்கிறது? எங்கள் வீட்டிலும் நடத்தலாமா? (ஆசிரியை, களுவாஞ்சிக்குடி)

பதில்: தாராளமாக நடத்தலாம், ரீச்சர். அமெரிக்காவில் இது பழகிப்போன வழி. ஊர் ஊராகப் போகும் பாட்டுக்காரருக்கு ஒருவர் தன் வீட்டு முன்னறையைத் திறந்து விடுவார். அயலவரும் தெரிந்தவர்களுமாக முப்பது பேர் அளவில் வருவார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று ஒரு பெட்டியில் போடுவார்கள். அது பாடுகிறவருக்கு. வீட்டுக்காரர் சாப்பாடும் படுக்க இடமும் கொடுப்பார். மண்டப வாடகை இல்லை, சவுண்ட்ஸ் செலவு இல்லை. பாரில் பாடினால் நூறு பேர் இருந்தும் கதைத்துக்கொண்டிருப்பார்கள். இங்கே முப்பது பேரும் கேட்பார்கள்.

எங்கள் ஊரில் எப்படி நடந்தது என்றும் சொல்லவேண்டும். மச்சாளின் வீடு. பிளாஸ்டிக் கதிரை 25 வாடகைக்கு எடுத்தோம். வந்தது 19 பேர், அதில் ஐந்து பேர் சொந்தக்காரர். வாசலில் எவர்சில்வர் சட்டி ஒன்றை வைத்தேன். எல்லோரும் அதைப் பார்த்தார்கள், சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். மட்டக்களப்பு பாடுமீன் ஊர் என்று பேர்தான். பாடினதுக்குக் காசு கேட்க எனக்கு வாய் வரவில்லை, கொடுக்க அவர்களுக்குக் கை வரவில்லை. நாலாவது பாட்டில் கரண்டும் போய்விட்டது. மைக் இல்லாதபடியால் அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

இடைவேளையில் பிளேன்ரீ கொடுத்தோம். அப்போது ஒரு மாமி, மச்சாளிடம் என்வலப் ஒன்று வாங்கி, கலியாண வீட்டில் கொடுப்பதுபோலப் பெயர் எழுதி என் கையில் தந்தார். அவ்வளவுதான். மற்றவர்களும் என்வலப் கேட்க, வீட்டில் இருந்த கட்டு முடிந்து, கடைசி இரண்டு பேர் கொப்பித்தாளை மடித்துத் தந்தார்கள். அந்த 11,400 அப்படி வந்தது. ஆகவே ரீச்சர், சட்டி வேண்டாம். மேசையில் என்வலப்பும் பேனையும் வையுங்கள்.

என் அப்பப்பா தென்மோடி நாட்டுக்கூத்துப் பழக்கும் அண்ணாவியார். மாதக்கணக்கில் இரவிரவாகப் பழக்குவார். அரங்கேற்றத்தன்று ஆடுகிறவர்களின் வீட்டார் சால்வையும் காசும் கொண்டுவருவார்கள். யாரும் அவருக்கு ரிக்கெற் அடிக்கவில்லை. அந்த மாமிக்கு அது ஞாபகம் இருந்திருக்கவேண்டும்.

வந்தவர்களின் பெயரையும் நம்பரையும் எழுதி வாங்க மறக்காதீர்கள். என்னிடம் அப்படி ஒரு கொப்பி இருக்கிறது. 212 பெயர். புதுப் பாட்டு வந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப் போடுவேன். கை உளையும். ஆனால் அடுத்த விறாந்தை அந்தக் கொப்பியில் இருந்துதான் கிடைக்கிறது.

கேள்வி: அமெரிக்கானா என்றால் கன்ட்ரி மியூசிக்தானே? எதற்கு இன்னொரு பெயர்? (மாணவன், அக்கரைப்பற்று)

பதில்: கன்ட்ரியும் அதற்குள் இருக்கிறது. நாட்டார் பாட்டு, புளூஸ், புளூகிராஸ், தேவாலயப் பாட்டு எல்லாம் கலந்த குடும்பத்துக்கு வைத்த பெயர் அது. வானொலிக் கன்ட்ரி ஒரே மாதிரி மினுமினுப்பாகப் போனபோது, அதற்குள் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு கூரை தேவைப்பட்டது. 1999இல் அதற்கென்று ஒரு சங்கம் அமைந்தது. கிராமி விருதில் தனிப் பிரிவு 2010இல் வந்தது, முதல் விருது பாட்டுக்காரர் லெவோன் ஹெல்முக்கு.

நீங்கள் கவனிக்க வேண்டியது பான்ஜோ என்ற கம்பி வாத்தியம். வெள்ளைக்காரரின் மலைநாட்டு வாத்தியம் என்று நினைப்பார்கள். அதன் வேர் ஆபிரிக்கா. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாத்தியம். பான்ஜோ வாசிக்கும் பாட்டுக்காரி ரியானன் கிடன்ஸ் இதைப் பல வருடமாகச் சொல்லியும் வாசித்தும் வருகிறார். எங்கள் மட்டக்களப்பிலும் போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியரின் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டு இருக்கிறது, வயலின் வைத்து. உங்கள் பக்கத்தில் நாட்டார் கவி இருக்கிறது. டெக்சாஸ் நெடுஞ்சாலையைப் பற்றித் தமிழில் பாடிய ஒரு தம்பியின் பதிவைப் போன மாதம் கேட்டேன். குரல் அருமை. ஆனால் பயணப் பாட்டுத்தான் வேண்டுமென்றால் புனானைக் காட்டுக்குள்ளால் வருகிற இரவு ரயில் இருக்கிறதே. மட்டக்களப்போடு முடிந்துவிடும், உங்கள் ஊருக்கு வராது. அதுவே ஒரு பாட்டு.

கேள்வி: ஸ்பொட்டிஃபையில் என் பாட்டை 600 தடவை கேட்டிருக்கிறார்கள். ஒரு சதமும் வரவில்லை. (வாழைச்சேனை)

பதில்: வராது. 2024இல் இருந்து, கடந்த 12 மாதத்தில் 1,000 தடவையாவது கேட்கப்படாத பாட்டுக்கு அவர்கள் பங்கு கொடுப்பதில்லை. 1,000ஐத் தாண்டினாலும் பிளேன்ரீக் காசுதான். அதை விளம்பரப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். பாண்ட்கேம்ப் என்ற இணையத்தளத்தில் பாட்டை நேராக விற்கலாம், அவர்கள் எடுப்பது 15 வீதம்.

கேள்வி: ஒரு கம்பனி என் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்கிறது. 25,000 தருகிறார்களாம். “சகல உரிமையும்” என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். (ஏறாவூர்)

பதில்: வைக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அந்தப் பாட்டு உங்கள் ஆயுளுக்கும், அதன் பிறகு 70 வருடத்துக்கும் காக்கப்படுகிறது. பேரப்பிள்ளைகளின் காலம் வரைக்கும் உள்ளதை 25,000க்குக் கேட்கிறார்கள். ‘இந்த ஒரு விளம்பரத்துக்கு, ஒரு வருடத்துக்கு, என் பெயரோடு’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. அமெரிக்கப் பாட்டுக்காரி கில்லியன் வெல்ச் 2001இல் ‘அக்கோனி’ என்று சொந்த லேபல் தொடங்கி, இன்றுவரை தன் பாட்டைத் தானே வெளியிடுகிறார். நான் 26 வயதில் இப்படி ஒரு தாளில் கையெழுத்து வைத்தேன். அந்தப் பாட்டை இப்போது மேடையில் பாடுவதற்கும் யோசிக்கவேண்டியிருக்கிறது.

கேள்வி: கடற்கரை வீடு. கிற்றார்க் கம்பி மூன்று கிழமையில் துருப்பிடிக்கிறது. (பாசிக்குடா)

பதில்: கல்லடியிலும் இதே கதைதான். வாசித்து முடிந்ததும் பழைய பருத்தித் துணியால் ஒவ்வொரு கம்பியாகத் துடைத்து, பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். சுவரில் மாட்டவே வேண்டாம்.

கேள்வி: மகன் ஏ.எல். எழுதிவிட்டு கிற்றாரோடு படுத்துக் கிடக்கிறான். உங்கள் பதில்களைப் படித்துத்தான் கெட்டுப்போகிறான். (ஒரு தகப்பன், செங்கலடி)

பதில்: ஐயா, படுத்துக் கிடக்கிறவர் வாசிக்கிறாரா, சும்மா கட்டிப்பிடித்துக்கொண்டு கிடக்கிறாரா? வாசிக்கிறார் என்றால் சனிக்கிழமை பின்னேரம் 4 மணிக்கு அனுப்புங்கள். முதல் மாதம் காசு வேண்டாம். கணக்குக் கொப்பியையும் காட்டுகிறேன், மார்கழிப் பக்கத்தோடு. இடது கை நகத்தை வெட்டிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.