இடுப்பில் கைத்துப்பாக்கி: கடைக்காரர் காட்டுவதா, மச்சான் சொல்வதா?

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் நகைக்கடை வைத்திருக்கிறேன். வயது 46, உயரம் 165 செ.மீ., கொஞ்சம் தொப்பை உண்டு. சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பணத்தோடு காருக்கு நடக்கும்போது பயமாக இருக்கிறது. கைத்துப்பாக்கி லைசன்ஸுக்கு விண்ணப்பித்தேன், கிடைத்துவிடும் போலிருக்கிறது. துப்பாக்கிக் கடைக்காரர் உள்ளங்கையில் அடங்கும், பாயிண்ட் 380 தோட்டா போடும் சின்னத் துப்பாக்கி ஒன்றைக் காட்டுகிறார். கோலாலம்பூரில் இருக்கும் மச்சான், "க்ளாக் 19 பிஸ்டல்தான், வேறு எதையும் பார்க்காதே" என்கிறார். மாமா வைத்திருப்பது பழைய ஐந்து தோட்டா ரிவால்வர். அதுவே போதும் என்பது அவர் வாதம். தினமும் சட்டைக்குள் மறைத்து வைக்க எது சரி?

பதில்: மூன்று பேரும் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் மூவரும் துப்பாக்கியைப் பார்த்துச் சொல்கிறார்கள். உங்கள் இடுப்பை யாரும் பார்க்கவில்லை. நான் முப்பது வருடம் சீருடையில் இருந்து, அதில் பாதிக் காலம் மற்றவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுத்தவன். வாங்கிய துப்பாக்கியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வெறுங்கையோடு கடைக்குப் போகும் முதலாளிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். காரணம் எப்போதும் ஒன்றுதான்: "தூக்கிக்கொண்டு திரிய முடியவில்லை சார்."

அதற்கு முன்னால் லைசன்ஸ். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் அது வருகிறது. எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, என்ன நிபந்தனை என்று அதில் எழுதியிருப்பதை ஒரு வரி விடாமல் படியுங்கள். கடையிலோ வீட்டிலோ வைத்துக்கொள்ள அனுமதியா, உடம்போடு எடுத்துச் செல்ல அனுமதியா என்பதைக் காவல்துறையில் வாய்விட்டுக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். எடுத்துச் செல்ல அனுமதி இல்லையென்றால் உங்கள் கேள்வியே மாறிவிடும். மறைக்கத் தேவையில்லாத பெரிய துப்பாக்கியே நல்லது. மாமாவின் ரிவால்வரை "இரண்டு நாள் வைத்துப் பார்க்கிறேன்" என்று வாங்கிவிடாதீர்கள். அவர் பெயரில் இருப்பது அவரிடம்தான் இருக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாத துப்பாக்கிக்கு 1960 சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 1971ஆம் ஆண்டு துப்பாக்கிச் சட்டத்தில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு ஆறுக்குக் குறையாத பிரம்படி. சொந்த மாமா என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

சரி, துப்பாக்கிக்கு வருவோம். எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு துணிப்பையில் 850 கிராம் அரிசியை இறுகக் கட்டி, பெல்ட்டில் வலது இடுப்பெலும்புக்குச் சற்றுப் பின்னால் மாட்டுங்கள். தோட்டா நிரப்பிய க்ளாக் 19 ஏறக்குறைய அந்த எடைதான். ஒரு வாரம் அதோடு கடை நடத்துங்கள். காரில் ஏறுங்கள், பசியாற உட்காருங்கள், கண்ணாடி அலமாரியின் அடித்தட்டில் இருக்கும் சங்கிலித் தட்டைக் குனிந்து எடுங்கள். புதன்கிழமைக்குள் பையைக் கழற்றி வீசிவிட்டீர்கள் என்றால் மச்சான் பேச்சு உங்களுக்குச் சரிவராது என்று தெரிந்துவிடும். பொம்மைத் துப்பாக்கியை மாட்டிப் பார்க்கலாமே என்று நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் ஏர்சாஃப்ட்டை வைத்துப் பழகுகிறார்கள். நம் நாட்டில் அது போலித் துப்பாக்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். அரிசிப்பைக்கு யாரும் கைவிலங்கு போட மாட்டார்கள்.

குனிவதைச் சொன்னேன் அல்லவா, அங்கேதான் விஷயமே இருக்கிறது. என்னிடம் பயின்ற ஒரு நகைக்கடைக்காரர் பாத்திக் சட்டையை வெளியே விட்டு, உள்ளே துப்பாக்கி வைத்திருந்தார். நின்றால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் கீழ்த்தட்டுக்குக் குனிந்தபோது சட்டை மேலேறிவிட்டது. அம்மாவோடு வந்திருந்த ஒரு பெண் குழந்தை, "அங்கிள், முதுகுல என்னமோ கறுப்பா ஒட்டியிருக்கு" என்றதாம். அன்று தெரிந்தது துப்பாக்கியின் பிடி. குழல் கால்சட்டைக்குள் இறங்கிவிடுகிறது, அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் யாருக்கும் தெரியாது. பிடிதான் பெல்ட்டுக்கு மேலே நின்று சட்டையை முட்டும். ஆகவே துப்பாக்கி எவ்வளவு நீளம் என்று கேட்காதீர்கள். பிடி எவ்வளவு உயரம், மொத்தம் எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள்.

க்ளாக் 19இன் உயரம் 128 மி.மீ., பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், அதாவது மேகசினில், 15 தோட்டா. அதன் தம்பி க்ளாக் 26இன் உயரம் 106 மி.மீ., 10 தோட்டா. வித்தியாசம் 22 மி.மீ., அதாவது ஒரு அங்குலம்கூட இல்லை. மெலிந்த உடம்பில் அந்த ஒரு அங்குலம்தான் சட்டைக்கு மேல் புடைத்துத் தெரிவது. ஆனால் க்ளாக் 26ஐப் பிடித்தால் சுண்டு விரலுக்கு இடம் கிடைக்காது, காற்றில் தொங்கும். சும்மா பிடித்துப் பார்க்கும்போது இது பெரிதாகத் தோன்றாது. ஐந்தாவது தோட்டா சுடும்போது பிடி கைக்குள் நழுவித் திரும்பியிருக்கும், அப்போது தெரியும்.

இந்த இடைவெளியைத்தான் ஒல்லித் துப்பாக்கிகள் நிரப்பின. 2015இல் வந்த க்ளாக் 43 மிக ஒல்லி, ஆனால் மேகசினில் 6 தோட்டாதான். 2018இல் சிக் சாவர் நிறுவனத்தின் பி365 வந்தபோது ஏறக்குறைய அதே அளவு உடம்பில் 10 தோட்டாவை அடுக்கிக் காட்டினார்கள். அதன் பிறகு க்ளாக்கும் 43எக்ஸ் என்று ஒன்றைக் கொண்டுவந்தது: 43இன் ஒல்லி உடம்பு, விரல் முழுதும் பிடிக்கும் நீளப் பிடி, 10 தோட்டா. உங்கள் உயரத்துக்கும் தொப்பைக்கும் இந்த ரகம்தான் பொருந்தும் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் நூறு மாடல் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். இங்கே கடைக்காரரிடம் இருக்கும் நாலைந்தில் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதனால் பெயரை மனப்பாடம் செய்யாமல் இலக்கணத்தை மனப்பாடம் செய்யுங்கள்: 9 மி.மீ. தோட்டா, ஒல்லி உடம்பு, கடைசி விரலும் பதியும் பிடி.

கடைக்காரர் காட்டும் பாயிண்ட் 380ஐப் பற்றி இரண்டு வார்த்தை. சின்னத் துப்பாக்கி என்றால் சின்ன உதை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. உதையை வாங்கிக்கொள்வது துப்பாக்கியின் எடை. எடை குறைந்தால் மிச்சத்தை உங்கள் கைதான் வாங்க வேண்டும். அதிலும் வால்தர் பிபிகே மாதிரிப் பழைய அமைப்பில், சுடும் நேரத்தில் ஸ்லைடை, அதாவது பின்னுக்கு நகரும் மேல்பாகத்தைப் பிடித்து வைப்பது அதன் எடையும் ஒரு விறைப்பான ஸ்பிரிங்கும் மட்டும்தான். பூட்டு எதுவும் கிடையாது. அந்த ஸ்பிரிங்கை இழுக்க வியர்த்த கையால் முடியாது, சுட்டால் கட்டைவிரல் இடுக்கில் சுருக்கென்று அடிக்கும். சுடுதளத்தில் ஒருவர் அப்படி ஒன்றை இருபது தோட்டா சுட்டதும் கீழே வைத்துவிட்டு, "மீதியை நீங்களே சுட்டு முடியுங்கள்" என்றார். கை சிவந்திருந்தது. வலிக்கும் துப்பாக்கியோடு யாரும் பழக மாட்டார்கள். க்ளாக் 42 மாதிரிப் பூட்டும் அமைப்புள்ள 380 ஆக இருந்தால் கதை வேறு, சுட மிருதுவாக இருக்கும். எந்த அமைப்பு என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 9 மி.மீ.யின் வலு அதில் இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாமாவின் ரிவால்வருக்கு மரியாதை உண்டு. வருடக்கணக்கில் நிரப்பி வைத்தாலும் ஸ்பிரிங் தளர்ந்துவிடுமோ, தோட்டா சிக்குமோ என்ற கவலை அதில் குறைவு. ஆனால் குழல் இரண்டு அங்குலம்தான், குறிபார்க்கும் முனை கண்ணுக்கே தெரியாத ஒரு காடி, விசையை ஏறக்குறைய ஐந்து கிலோ பலத்தில் நீளமாக இழுக்க வேண்டும். இழுக்கும்போதே முனை ஆடிவிடும். புதியவருக்கு எளிது என்று பெயர் வாங்கியிருந்தாலும் அதில் நன்றாகச் சுடுவது தேர்ந்தவர் வேலை. போதாததற்கு ஐந்து அறைச் சிலிண்டர் ஒல்லிப் பிஸ்டலைவிடத் தடிமன்.

விசையைப் பற்றிச் சொல்லும்போது உறையையும் சேர்த்தே சொல்ல வேண்டும். க்ளாக் வகையில் வெளியே தட்டிவிடும் பாதுகாப்புப் பொத்தான் கிடையாது. இரண்டரைக் கிலோ இழுப்பில் சுட்டுவிடும். அதனால் விசையை முழுக்க மூடும் கெட்டியான உறை கட்டாயம். கைடெக்ஸ் பிளாஸ்டிக் நல்லது. துணியில் தைத்த மெத்தென்ற உறையும், சட்டைப்பையில் வெறுமனே போட்டுக்கொள்வதும் கூடவே கூடாது. கார் சாவிக்கொத்தோ சட்டை நுனியோ விசை வளையத்துக்குள் நுழைந்தால் போதும். ஆபத்து அதிகம் இருப்பது வெளியே எடுக்கும்போது இல்லை, திரும்பச் செருகும்போது. சட்டையை நன்றாக விலக்கி, உறையைக் கண்ணால் பார்த்து, நிதானமாகச் செருகுங்கள். அங்கே யாரும் ஸ்டாப்வாட்ச் வைத்து நிற்கவில்லை. சிலர் தொப்புளுக்கு வலப்பக்கம் முன்னால் வைப்பார்கள். தொப்பை இருக்கும் நமக்கு உட்கார்ந்தால் பிடி வயிற்றைக் குத்தும், குழல் வேறு எங்கெங்கோ நோக்கும். இடுப்பெலும்புக்குப் பின்னால் வையுங்கள்; குனிய வேண்டிய இடத்தில் முழங்காலை மடக்கி உட்காருங்கள். பெல்ட் கெட்டியான இரட்டைத் தோலாக இருக்கட்டும். பசார் மாலம் இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு வாங்கிய பெல்ட் ஒரு வாரத்தில் வாழை நாராகிவிடும்.

நம் ஊர் வியர்வையைக் கம்பெனிக்காரன் எழுதிய கையேட்டில் தேடாதீர்கள். நான் இளைஞனாக இருந்தபோது, மூன்று நாள் அடைமழையில் சுற்றிவிட்டு வந்து சர்வீஸ் பிஸ்டலைத் துடைக்காமல் அலமாரியில் போட்டேன். நாலாம் நாள் ஸ்லைடில் உடம்பு பட்ட பக்கம் மட்டும் மஞ்சள் கோடு மாதிரித் துரு. சார்ஜன்ட் அதை என் மூக்குக்கு நேரே நீட்டியது இன்னும் நினைவிருக்கிறது. ஒவ்வொரு இரவும் மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒரு துடை. ஸ்லைடு மட்டுமல்ல, திருகுகள், மேகசின் பக்கங்கள், குறிமுனைகள். தினமும் உடம்போடு சுமக்கும் தோட்டாக்களையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், அது உங்கள் இடுப்பில் இல்லாத நேரம். துப்பாக்கி வாங்குகிறவர்கள் யோசிக்காத பாதி இதுதான். கோயிலுக்கு வேட்டி கட்டிப் போகிறீர்கள்; வேட்டி மடிப்பில் அரைக் கிலோ இரும்பு நிற்காது, நிற்கவும் வேண்டாம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறுகிற கூட்டத்தில் அது எதற்கு? வீட்டில் சுவரில் அறைந்த இரும்புப் பெட்டகம் முதலில் வாங்குங்கள், துப்பாக்கி பிறகு. கார் டேஷ்போர்டு பெட்டகம் ஆகாது. தாய்லாந்தின் ஹாட்யாய்க்குக் குடும்பத்தோடு போகும் பழக்கம் உண்டென்றால், பாடாங் பெசார் எல்லைப் பக்கம் போகும் முன்னால் பெட்டகத்தில் பூட்டியாயிற்றா என்று இரண்டு முறை பாருங்கள். நம் லைசன்ஸ் எல்லைக்கு அந்தப் பக்கம் வெறும் காகிதம். வங்கிக்கு எடுத்துப் போவதாக இருந்தால் கிளை மேலாளரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வாசலில் நிற்கும் காவலரும் துப்பாக்கி வைத்திருக்கிறார். அவருக்கு உங்களைத் தெரியாது.

தோட்டா எண்ணிக்கை லைசன்ஸில் கட்டுப்பட்டது என்பதால் வாரம் நூறு சுடுவது நடக்காத காரியம். பரவாயில்லை. தோட்டாவை வேறு அறையில் வைத்துவிட்டு, மேகசினைக் கழற்றி, துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறையைக் கண்ணாலும் சுண்டு விரலாலும் சோதித்துவிட்டு, செங்கல் சுவரைப் பார்த்து வெறும் விசையை இழுத்துப் பழகுங்கள். நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம். முனை ஆடாமல் விசை விழுந்தால் பாதிச் சுடுதல் வந்துவிட்டது. மீதிக்குச் சுடுதளம் போங்கள். உறையிலிருந்து எடுத்துப் பழகுவதைப் பயிற்றுநர் பக்கத்தில் நின்றால் மட்டும் செய்யுங்கள். ஆயர் ஈத்தாமில் பாடாங் தெம்பாக் அடுக்குமாடி இருக்கிறதே, மலாயில் சுடும் திடல் என்று பொருள்படும் அந்தப் பெயரே அங்கே ஒரு காலத்தில் சுடுதளம் இருந்ததால் வந்தது. இப்போது அங்கே போய் விசாரித்தால் சிரிப்பார்கள்.

கடைசியாக, சுடுவது. தண்டனைச் சட்டம் 96ஆம் பிரிவு முதல் 106 வரை தற்காப்பு உரிமையைச் சொல்கிறது. 99ஆம் பிரிவு, தற்காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்கிறது. கத்தியை நீட்டி உங்கள் மேல் பாய்கிறவன் ஒரு விஷயம். பையைப் பறித்துக்கொண்டு முதுகைக் காட்டி அஞ்சடியில், கடைகளுக்கு முன்னால் இருக்கும் நடைபாதையில், ஓடுகிறவன் முற்றிலும் வேறு விஷயம். அவன் பின்னால் சுட்டால் சட்டம் உங்களை நோக்கித் திரும்பும். தவிர லிட்டில் இந்தியா அஞ்சடியில் ஆறு மணிக்கு யார் நடக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். பூக்கட்டுகிறவர், பள்ளிப் பிள்ளைகள், வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள். 9 மி.மீ. தோட்டா கண்ணாடி அலமாரியில் நின்றுவிடாது. நகைக்கு இன்சூரன்ஸ் எடுத்திருக்கிறீர்கள்தானே? பையைக் கொடுத்துவிடலாம் என்று முன்கூட்டியே மனைவியோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடையில் அவரும் நிற்கிறார்.

துப்பாக்கிக் கடைக்குப் போகும் நாளில், தினமும் போடும் சட்டை, கால்சட்டை, பெல்ட் மூன்றையும் அணிந்து போங்கள். கடைக்காரர் வெறும் துப்பாக்கியைக் கண்ணாடி மேல் வைத்துக் காட்டுவார். "உறையில் போட்டு மாட்டிப் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து, அவர் கடையின் கீழ்த்தட்டு வரைக்கும் குனிந்து பாருங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு கடை பார்க்கலாம்.